மலைக் கிராமமா, ரயில் நிற்கும் ஊரா? மனைவியும் மகளும் இத்தாலிக்கு வருகிறார்கள், ஆலோசனை வேண்டும்

ஆம்பூரான் | அக்டோபர் 12, இரவு 10:40

எல்லோருக்கும் வணக்கம். இதுவரை படித்துவிட்டு ஓடிப்போகிறவனாகவே இருந்தேன். இன்றைக்குத்தான் எழுத உட்கார்ந்தேன்.

சொந்த ஊர் ஆம்பூர், தோல் வேலை. இரண்டரை வருடமாக இத்தாலியில், தொஸ்கானாவில், பீசா மாவட்டத்துச் சாந்தா க்ரோச்சேயில் ஒரு டேனரியில் (தோல் பதனிடும் ஆலை) ஃபினிஷிங் பிரிவில் இருக்கிறேன். தோல் தொழிலில் இருப்பவர்களுக்கு ஊர்ப் பெயர் தெரிந்திருக்கும். நமக்குப் பாலாறு மாதிரி இங்கே ஆர்னோ ஆறு. கரையோரம் முழுக்க டேனரிதான், வாசனையும் அதேதான்.

வேலை கீழே சமவெளியில். குடியிருப்பது மேலே, சான் மினியாத்தோவுக்கும் பலாயாவுக்கும் நடுவில் ஒரு குன்றின் உச்சியில். இருநூறு பேர் இருந்தால் அதிகம், அதில் பாதிப் பேர் எழுபதைத் தாண்டியவர்கள். ஒரு பார் (காபிக் கடைதான், பயப்பட வேண்டாம்), ஒரு சர்ச், வாரத்தில் மூன்று நாள் காலையில் மட்டும் திறக்கிற தபால் அலுவலகம். டாக்டர் திங்களும் வியாழனும் வருவார். மளிகைக்கு எட்டு கிலோமீட்டர் கீழே இறங்க வேண்டும்.

இங்கே ஏன் வந்தேன் என்றால், கீழே வீடு கிடைக்கவில்லை. போனில் பேசும்போது வீடு காலி என்பார்கள். நேரில் போய் நின்றால் "நேற்றுத்தான் கொடுத்துவிட்டோம்" என்பார்கள். மேலே இந்த வீட்டுக்காரத் தாத்தா என்னைக் கேட்டது ஒரே கேள்வி: "ஆலிவ் மரம் நாற்பது இருக்கிறது, பறிக்க ஒத்தாசை செய்வாயா?" சரி என்றேன். வாடகை 380 யூரோ. கீழே இதே அளவு வீட்டுக்கு 700 கேட்கிறார்கள்.

இப்போது குடும்பத்தை அழைப்பதற்கான அனுமதி வந்துவிட்டது. விசா கிடைத்தால் பிப்ரவரியில் மனைவியும் ஏழு வயது மகளும் வந்துவிடுவார்கள். நான் காலை ஆறரைக்குக் காரை எடுத்துப் போனால் திரும்ப மாலை ஐந்தரை ஆகும். மனைவிக்குக் கார் ஓட்டத் தெரியாது, இத்தாலியன் ஒரு வார்த்தை தெரியாது. பேருந்து பள்ளிக்கூட நேரத்துக்கு ஒன்று போகும், மதியம் ஒன்று வரும். ஞாயிற்றுக்கிழமை அதுவும் இல்லை.

இங்கேயே வைத்துக்கொள்ளலாமா? இல்லை, எம்பொலி, பொந்தெதேரா மாதிரி ரயில் நிற்கும் ஊருக்கு எப்படியாவது மாறிவிடலாமா? அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

மிலான்_முத்து | அக்டோபர் 12, இரவு 11:15

மாறுங்கள். யோசிக்க என்ன இருக்கிறது? தொஸ்கானா குன்று, சைப்ரஸ் மரம், திராட்சைத் தோட்டம் எல்லாம் சுற்றுலா வருகிறவர்களுக்கு. உங்கள் மனைவி ஜன்னலில் உட்கார்ந்து மூடுபனியைப் பார்த்துக்கொண்டிருக்கவா அவ்வளவு தூரத்திலிருந்து வருகிறார்?

மருமகள்_மோலிசே | அக்டோபர் 13, காலை 9:05

நான் பாளையங்கோட்டை. கணவர் இத்தாலியர். பதினோரு வருடமாக மோலிசேயில், கம்போபாஸ்ஸோவிலிருந்து ஒரு மணி நேரம் தள்ளி ஒரு கிராமத்தில் இருக்கிறேன். மோலிசே என்ற மாநிலமே கிடையாது என்று இத்தாலிக்காரர்களே கிண்டல் செய்வார்கள், அப்படிப்பட்ட இடம்.

முத்து சொல்வதில் பாதி உண்மை. முதல் குளிர்காலம் நான் அழாத வாரம் இல்லை. ஆனால் மீதிப் பாதியையும் சொல்கிறேன்.

கிராமத்தில் நீங்கள் யார் என்பதை மூன்றே நாளில் எல்லோரும் தெரிந்துகொண்டுவிடுவார்கள். நான் வந்த புதிதில் கொமூனேயில் (நம்ம ஊராட்சி அலுவலகம் மாதிரி) ரெசிதென்சா (குடியிருப்பு) பதிவுக்கு எழுதிக் கொடுத்தோம். நிஜமாகவே அந்த முகவரியில் குடியிருக்கிறோமா என்று பார்க்க ஊர்க்காவலர் 45 நாளுக்குள் வீட்டுக்கு வருவார். நகரத்தில் இருக்கும் தோழிகள் அவருக்காக லீவு போட்டுக் காத்திருந்தார்கள். எங்களிடம் வந்தவர் வீட்டுக்குள் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. மாமியாரிடம் அந்த வருடத் தக்காளியைப் பற்றி அரை மணி நேரம் பேசினார், இரண்டு பாட்டில் வாங்கிக்கொண்டு போனார். பதிவு ஆகிவிட்டது.

தக்காளி என்றதும் நினைவுக்கு வருகிறது. ஆகஸ்டில் வருடத்துக்கான தக்காளிச் சாறு காய்ச்சுவார்கள். நம் வீட்டில் கோடையில் வடாம் போடுவது, மாவடு போடுவது மாதிரி. எல்லாப் பெண்களும் கூடி, அரைத்து, பாட்டிலில் அடைத்து, பழைய தகர டிரம்மில் தண்ணீர் விட்டு விறகடுப்பில் வேகவைப்பார்கள். நான் அங்கே உட்கார்ந்துதான் இத்தாலியன் கற்றேன். வகுப்பில் இல்லை. அதனால் என் பேச்சில் இன்றைக்கும் ஊர்க் கொச்சை உண்டு, கம்போபாஸ்ஸோ போனால் சிரிக்கிறார்கள்.

உங்கள் மனைவிக்குத் திருஷ்டியில் நம்பிக்கை உண்டா? இங்கே அதற்கு மலோக்கியோ என்று பெயர். தலைவலி என்றால் கிழவிகள் தட்டில் தண்ணீர் ஊற்றி எண்ணெய்ச் சொட்டு விட்டுப் பார்ப்பார்கள். எண்ணெய் பரவிவிட்டால் கண் பட்டிருக்கிறது. அதற்கான மந்திரத்தைக் கிறிஸ்துமஸுக்கு முந்தைய இரவில்தான் அடுத்தவருக்குச் சொல்லித் தர வேண்டும். எனக்கு நான்காவது வருடம்தான் சொல்லித் தந்தார்கள். பாஸ்போர்ட் கிடைத்தால்கூட அவ்வளவு சந்தோஷப்பட்டிருக்க மாட்டேன்.

யாராவது செத்துப்போனால் கறுப்புக் கரை போட்ட அறிவிப்பைத் தெருச் சுவரில் ஒட்டுவார்கள். பெயர், வயது, அடக்கம் எத்தனை மணிக்கு என்று எல்லாம் இருக்கும். திருநெல்வேலி ஜங்ஷனில் நிற்கிற மாதிரியே இருக்கும் எனக்கு. ஒன்றே ஒன்று குறை, போஸ்டரில் அரசியல்வாதி படம் இல்லை.

ஆனால் ஒரு நிபந்தனை: கார். அது இல்லாமல் நான் சொன்ன எதுவும் செல்லாது.

பால்பண்ணை_தருமபுரி | அக்டோபர் 13, மதியம் 2:30

அக்கா சொன்ன கார் விஷயத்துக்கு வருகிறேன்.

நான் ரெஜ்ஜோ எமிலியா பக்கம் மாட்டுப் பண்ணையில் இருக்கிறேன். பார்மிஜானோ சீஸுக்குப் பால் போகிற பண்ணை. உடன் வேலை செய்கிறவர்கள் எல்லாம் பஞ்சாபிகள். நொவெல்லாராவில் அவர்களுக்கு 2000-ஆவது ஆண்டிலேயே பெரிய குருத்வாரா வந்துவிட்டது. எனக்கு ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாடு அங்கேதான்.

இந்திய லைசென்ஸை இங்கே மாற்றிக்கொள்ள முடியாது. ரெசிதென்சா பதிவாகி ஒரு வருடம் வரை ஊர் லைசென்ஸும் அதன் மொழிபெயர்ப்பும் வைத்து ஓட்டலாம். அதற்குப் பிறகு, ஊரில் இருபது வருடம் லாரி ஓட்டியவராக இருந்தாலும் பதினெட்டு வயதுப் பையன்களோடு உட்கார்ந்து தேர்வு எழுத வேண்டும். தியரியில் 30 வாக்கியம், 20 நிமிடம், சரியா தவறா என்று குறிக்க வேண்டும். மூன்று தப்பு வரை விடுவார்கள், நான்காவது வந்தால் ஃபெயில். அதுவும் இத்தாலியனில். பொல்சானோ பக்கம் ஜெர்மனும் ஆஓஸ்தா பக்கம் பிரெஞ்சும் உண்டு, நமக்கு அதனால் என்ன லாபம்?

சாலை விதி கஷ்டமே இல்லை, வாக்கியம்தான் கஷ்டம். "மட்டும்" என்று ஒரு சொல் நடுவில் ஒளிந்திருக்கும், அதைக் கவனிக்காவிட்டால் போச்சு. நான் இரண்டு தடவை விழுந்தேன். மூன்றாம் தடவைக்கு மாட்டுக் கொட்டகையில் பால் கறக்கும் மெஷின் ஓடுகிற நேரமெல்லாம் போனில் மாதிரித் தேர்வு போட்டேன். பாஸ்.

அதனால் ஆம்பூரான் அண்ணா, மேலே இருந்தாலும் கீழே இருந்தாலும் அண்ணி வந்த உடனே டிரைவிங் ஸ்கூலில் சேர்த்துவிடுங்கள். மொழியும் அதோடு சேர்ந்து வந்துவிடும்.

இன்னொன்று, சம்பந்தமில்லாததுதான். ஜனவரி 17 அன்று சாந்தந்தோனியோ (புனித அந்தோனியார்) பண்டிகை. பாதிரியார் வந்து மாட்டுக்கெல்லாம் தண்ணீர் தெளித்து ஆசி கொடுப்பார். பண்ணைக்காரர் டிராக்டருக்கும் சேர்த்துத் தெளிக்கச் சொல்வார். மாட்டுப் பொங்கல் முடிந்த மறுநாளோ அதற்கு அடுத்த நாளோ இது வரும். முதல் வருடம் நான் மாட்டுக் கொம்பைத் தடவிக்கொண்டு தனியாக நின்றுவிட்டேன், பேச்சு வரவில்லை.

மருமகள்_மோலிசே | அக்டோபர் 13, மதியம் 3:10

தம்பி, எங்கள் பக்கம் அதற்கு முந்தின இரவு தெருவில் கட்டை அடுக்கிக் கொளுத்துவார்கள். போகியேதான், டயர் மட்டும் இல்லை.

யோகா_பலெர்மோ | அக்டோபர் 13, இரவு 8:50

தம்பி ஆம்பூரான், நான் யாழ்ப்பாணம், பலெர்மோவுக்கு வந்து முப்பது வருடம் தாண்டிவிட்டது. இங்கே எங்கட ஆக்கள் கன பேர். கோவில் இருக்கு, தமிழ்ப் பள்ளிக்கூடம் இருக்கு. ஞாயிறென்றால் மொந்தே பெல்லெக்ரீனோ மலை ஏறிச் சாந்தா ரொசாலியா அம்மாளையும் கும்பிட்டுவிட்டு வருவோம், சைவமென்றும் வேதமென்றும் (கிறிஸ்தவம்) பார்க்கிறதில்லை. பலெர்மோச் சனமும் எங்களைப் பார்த்து அதிசயப்படுகிறதை விட்டுப் பல காலம்.

நான் சொல்ல வந்தது வேறு. என்னுடைய தங்கை கல்யாணம் கட்டி உள்நாட்டில் ஒரு மலை ஊருக்குப் போனவ. சனம் நல்ல சனம், ஒரு குறை சொல்லேலாது. முட்டை, கத்தரிக்காய், ஒலிவ் எண்ணெய் என்று வாசலில் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போவார்கள். ஆனால் தமிழில் கதைக்க ஒருத்தரும் இல்லை. இரண்டு வருடத்தில் அவவின் குரலே சின்னதாகிப் போய்விட்டது. போனில் கதைத்தால் "ம்" என்று மட்டும் சொல்லுவா. பிறகு பலெர்மோவுக்கே வந்துவிட்டார்கள்.

ஊர் நல்லதா கெட்டதா என்று நீங்கள் கேட்கிறீர்கள். அதை விடுங்கோ. உங்கட மனுசி எப்படிப்பட்டவ? அறிமுகம் இல்லாத ஆக்களோடு வலியப் போய்க் கதைக்கிறவவா, ஒதுங்கி இருக்கிறவவா? அதற்கேற்ற மாதிரித்தான் முடிவெடுக்க வேண்டும். முதலில் அவவிடம் கேட்டீர்களா?

ஆம்பூரான் | அக்டோபர் 14, இரவு 10:20

அக்கா, கடைசி வரி சுருக்கென்று குத்தியது. கேட்கவில்லை. "எல்லாம் நான் பார்த்துக்கிறேன்" என்று மட்டும்தான் சொல்லி வைத்திருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை வீடியோவில் ஊரைச் சுற்றிக் காட்டிக் கேட்கிறேன்.

அவள் ஆம்பூர் பஸ் ஸ்டாண்டில் பூக்காரியிடம் பேச ஆரம்பித்தால் இரண்டு பஸ்ஸை விட்டுவிடுகிறவள். அதுதான் எனக்குப் பயமே. பேச்சுத்தான் அவளுக்குச் சாப்பாடு.

மொழி பற்றி ஒரு தமாஷ். வந்த புதிதில் யூடியூபில் வீடு என்றால் காஸா என்று படித்துக்கொண்டு வந்தேன். மேலே ஊரில் எல்லோரும் "லா ஹாஸா" என்கிறார்கள். எனக்குத்தான் காது கெட்டுவிட்டதோ என்று நினைத்தேன். தொஸ்கானாக்காரர்களுக்கு இரண்டு உயிருக்கு நடுவில் 'க' வந்தால் 'ஹ' ஆகிவிடும், அவ்வளவுதான். நாம் முகம் என்று எழுதிவிட்டு 'முஹம்' என்று சொல்வதில்லையா? இது பிடிபட்ட அன்றிலிருந்து கிழவர்கள் பேசுவது திடீரென்று புரிய ஆரம்பித்துவிட்டது. இன்னொன்று, மதியச் சாப்பாடு முடிந்த கையோடு "புவோனசேரா", அதாவது மாலை வணக்கம், சொல்லிவிடுவார்கள். வெயில் மண்டையைப் பிளக்கும், இவர்களுக்கு மாலையாகிவிடும். நான் "புவோன்ஜோர்னோ" சொல்லிப் பலமுறை அசடு வழிந்தேன்.

ரொட்டியில் உப்பே போட மாட்டார்கள். அதை யாராவது என் மனைவிக்கு முன்கூட்டியே சொல்லி வைத்தால் புண்ணியம். (காரக்குழம்புக்கு அருமையாக இருக்கும், அது வேறு கதை.)

கரண்ட் பற்றியும் கேட்க வேண்டும். வீட்டில் இணைப்பு 3 கிலோவாட்தான். ஓவனும் (மின் அடுப்பு) வாஷிங் மெஷினும் ஒன்றாகப் போட்டால் ஃப்யூஸ் போகிற மாதிரி மொத்த வீடும் இருண்டுவிடுகிறது. மீட்டர் தெருவோரப் பெட்டியில் இருக்கிறது. போன வாரம் தலையில் ஷாம்புவோடு மழையில் போய் அதன் சுவிட்சைத் தூக்கிவிட்டு வந்தேன். ஓர் ஆளுக்கே இப்படி என்றால் குடும்பம் வந்தால்?

அப்புறம் துப்பாக்கிச் சத்தம். ஞாயிற்றுக்கிழமை காலையில் காட்டுப்பன்றி வேட்டைக்காரர்கள் வீட்டுக்குப் பின்னாலேயே சுடுகிறார்கள். குழந்தையை வெளியே விளையாட விடலாமா?

மருமகள்_மோலிசே | அக்டோபர் 15, காலை 8:40

கரண்டுக்கு மின் நிறுவனத்திடம் கேட்டால் 4.5 கிலோவாட்டாக ஏற்றித் தருவார்கள். பில் கொஞ்சம் கூடும், நிம்மதி நிறையக் கூடும். அதுவரை எதையெல்லாம் ஒன்றாகப் போடக்கூடாது என்று ஒரு சீட்டு எழுதிச் சமையலறையில் ஒட்டிவிடுங்கள். இத்தாலியப் பெண்கள் எல்லோரும் அந்தக் கணக்கைத் தலையிலேயே வைத்திருக்கிறார்கள்.

வேட்டை செப்டம்பர் மூன்றாம் ஞாயிறு முதல் ஜனவரி கடைசி வரை. நாடு முழுக்கச் செவ்வாயும் வெள்ளியும் சுடக்கூடாது, 1992-ஆம் ஆண்டுச் சட்டம். நமக்குக் கவுச்சி இல்லாத நாள், இவர்களுக்குச் சூடு இல்லாத நாள், நினைவு வைத்துக்கொள்வது சுலபம். வேலி போடாத நிலத்துக்குள் வேட்டைக்காரர் வரலாம், சொந்தக்காரரைக்கூடக் கேட்க வேண்டியதில்லை. அதனால் மற்ற நாளில் ஓடைப்பக்கம், புதர்ப்பக்கம் போனால் குழந்தைக்குப் பளிச்சென்று ஆரஞ்சுச் சட்டை போடுங்கள். ஊருக்குள் பயமில்லை.

மிலான்_முத்து | அக்டோபர் 15, இரவு 7:30

திருஷ்டி, போகி, தக்காளி எல்லாம் படிக்க நன்றாக இருக்கிறது. யாரும் கோபித்துக்கொள்ள வேண்டாம், ஒன்று கேட்கிறேன். குழந்தைக்கு ராத்திரி இரண்டு மணிக்குக் காய்ச்சல் 40 டிகிரி. அவர் நைட் ஷிஃப்டில் இருக்கிறார். அந்த அம்மாவுக்கு மொழி தெரியாது, கார் இல்லை. மலோக்கியோ கிழவி எண்ணெய்ச் சொட்டு விடுவாளா?

மருமகள்_மோலிசே | அக்டோபர் 15, இரவு 7:55

விடுவாள். விட்டுவிட்டு அவள் மகனை எழுப்பிக் கார் எடுக்கச் சொல்வாள். எனக்கு நடந்ததைத்தான் சொல்கிறேன். உங்கள் மிலான் அபார்ட்மெண்டில் எதிர்வீட்டுக் கதவைத் தட்டியிருக்கிறீர்களா, முத்து?

மிலான்_முத்து | அக்டோபர் 15, இரவு 8:02

எதிர்வீட்டில் யார் இருக்கிறார்கள் என்றே தெரியாது. ஆனால் எனக்கு டாக்சி உண்டு. 🙂

சியேனா_கோபால் | அக்டோபர் 15, இரவு 9:15

நடுவில் புகுவதற்கு மன்னிக்கவும். தொஸ்கானாவில் மிசெரிகோர்தியா என்று ஒரு சங்கம் உண்டு. 1244-இல் ஃபிளாரன்ஸில் தொடங்கியதாகச் சொல்வார்கள். சின்னச் சின்ன ஊர்களில்கூடக் கிளை உண்டு, ஆம்புலன்ஸ் ஓட்டுகிறவர்களில் பெரும்பாலானோர் ஊர்த் தொண்டர்கள்தான். அவசரத்துக்கு 112. ஊர்ப் பெயர், தெரு, வீட்டு எண், "குழந்தை, காய்ச்சல்" என்பதை இத்தாலியனில் சொல்ல மட்டும் அண்ணிக்குப் பழக்கிவிடுங்கள். போகப்போக அவரும் தொண்டராகச் சேரலாம், வயதானவர்களை மருத்துவமனைக்குக் கூட்டிப்போகத் துணைக்கு ஆள் தேடிக்கொண்டே இருப்பார்கள். நான் அப்படித்தான் பேசக் கற்றேன்.

இன்னொரு விஷயம், இதை யாரும் சொல்லவில்லை. அண்ணி வந்ததும் பெர்மெஸ்ஸோ (தங்கும் அனுமதி) வேலையோடு ஓர் ஒருங்கிணைப்பு ஒப்பந்தத்தில் கையெழுத்து வாங்குவார்கள். இரண்டு வருடத்துக்குள் ஏ2 அளவு (அடிப்படைப் பேச்சு) இத்தாலியன் காட்ட வேண்டும். பெரியவர்களுக்கான அரசுப் பள்ளியில் அதற்கு வகுப்பு உண்டு, ஆனால் அது மலை மேல் நடக்காது. வாரத்தில் இரண்டு, மூன்று மாலை கீழே இறங்கியாக வேண்டும். கணக்கில் அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

பள்ளிக்கூடம் பற்றிக் கவலை வேண்டாம். சிற்றூர்களில் பிள்ளைகள் குறைந்து வகுப்பை மூடும் நிலை. இரண்டு வகுப்பை ஒன்றாக வைத்து நடத்துகிறார்கள். உங்கள் மகள் போனால் ஆசிரியர் கட்டிப்பிடித்துக்கொள்வார். தொடக்கப் பள்ளிப் பாடப் புத்தகம் இலவசம்.

நெறியாளர் | அக்டோபர் 16, காலை 10:00

ஒருவர் "அனுமதிக் கடிதத்தை ஸ்கேன் செய்து போடுங்கள், பார்த்துச் சொல்கிறேன்" என்று எழுதியிருந்தார், அந்தப் பதிவை நீக்கியிருக்கிறேன். அந்த மாதிரிக் காகிதத்தில் இருக்கும் கோதிச்சே ஃபிஸ்காலே (ஒவ்வொருவருக்கும் தரும் வரி அடையாள எண்) 16 எழுத்தும் எண்ணுமாக இருக்கும். பெயர், பிறந்த தேதி, பிறந்த நாடு எல்லாம் அதற்குள்ளேயே இருக்கிறது. பொதுவில் போடாதீர்கள். காகித வேலைக்கு உதவி வேண்டுமென்றால் அருகிலிருக்கும் பத்ரொனாத்தோ (இந்த மாதிரி விண்ணப்பங்களுக்கு உதவும் இடம்) அலுவலகத்துக்குப் போங்கள்.

சின்னமனூர்_செல்வி | அக்டோபர் 16, மதியம் 12:20

முக்கியமான கேள்வியை யாரும் கேட்கவில்லை. அண்ணி கிரைண்டர் எடுத்து வரலாமா?

சியேனா_கோபால் | அக்டோபர் 16, மதியம் 1:05

லக்கேஜில் எடை இருந்தால் தாராளமாக. இங்கேயும் 230 வோல்ட்தான். பிளக்தான் வேறு, மூன்று குச்சியும் ஒரே வரிசையில் இருக்கும். கிரைண்டர் இழுக்கும் கரண்ட் கொஞ்சம்தான், ஓவன்தான் வில்லன்.

மாவு புளிப்பதுதான் பிரச்சினை. பழைய கல் வீட்டில் ஜனவரியில் இரண்டு நாள் ஆனாலும் அசையாது. பெல்லெட் அடுப்புக்கு (மரத்தூள் கட்டியில் எரிந்து வீட்டைச் சூடாக்குவது) பக்கத்தில் வையுங்கள். ரொம்பப் பக்கத்தில் வேண்டாம், எனக்கு ஒரு தடவை ஓரம் வெந்து இட்லியாகவே ஆகிவிட்டது.

யோகா_பலெர்மோ | அக்டோபர் 16, மாலை 6:30

தம்பி, ஞாயிறு கேட்டுவிட்டு வந்து எழுதுங்கோ.

ஆம்பூரான் | அக்டோபர் 20, இரவு 9:45

கேட்டேன். போனைக் கையில் பிடித்துக்கொண்டு தெரு முழுக்க நடந்தேன். பார் வாசலில் உட்கார்ந்திருந்த நான்கு கிழவிகளும் போனைப் பிடுங்கி அவளோடு பேசினார்கள். அவர்கள் இத்தாலியன், இவள் தமிழ். பத்து நிமிடம் நடந்தது. என்ன புரிந்ததோ தெரியாது, இரண்டு பக்கமும் சிரித்தார்கள்.

கடைசியில் அவள் சொன்னது: "ஊர் நல்லா இருக்கு. ஆனா பஸ் இல்லாத ஊர்ல நீங்க என்னை விட்டுட்டுப் போகக் கூடாது. வந்து பாத்துட்டு நானே சொல்றேன்." அதனால் வீடு மாறுவதை நிறுத்தி வைத்திருக்கிறேன்.

இந்த வாரம் ஆலிவ் பறிக்கிறோம். மரத்தடியில் வலை விரித்து, பேட்டரியில் ஓடும் சீப்பு மாதிரி ஒன்றால் கிளையை உலுக்க வேண்டும். தோள் கழன்றுவிட்டது. போன வருடம் நூறு கிலோ காய்க்குப் பதின்மூன்று கிலோ எண்ணெய் வந்தது. செக்கிலிருந்து வந்த முதல் நாள் எண்ணெய் பச்சைப்பசேல் என்று இருக்கும், தொண்டையில் மிளகு மாதிரி காறும். நல்லெண்ணெய்க்குப் பழகிய நாக்குக்கு முதலில் பிடிக்கவில்லை, இப்போது தோசைக்கு அதுதான்.

ஆம்பூரான் | ஏப்ரல் 6, இரவு 10:10

இழையைத் தூசி தட்டுகிறேன். பலர் தனி மடலில் கேட்டீர்கள்.

பிப்ரவரி நடுவில் வந்தார்கள். முதல் மூன்று வாரம் மழையும் பனிமூட்டமும்தான். மனைவி இரண்டு தடவை அழுதாள், ஒரு தடவை டிக்கெட் விலை பார்த்தாள். முத்துவை நினைத்துக்கொண்டேன்.

டிரைவிங் ஸ்கூலில் சேர்த்தாகிவிட்டது. முதல் மாதிரித் தேர்வில் பதினான்கு தப்பு, போன வாரம் ஒன்பது. பக்கத்து வீட்டு அம்மா, எண்பத்திரண்டு வயது, லைசென்சே எடுக்காதவர், தினம் மதியம் வந்து வாக்கியத்தைச் சத்தமாகப் படித்து இவளிடம் கேள்வி கேட்கிறார். பதில் அவருக்கும் தெரியாது, புத்தகத்தின் கடைசிப் பக்கத்தைப் பார்க்கிறார்.

முடிவு என்னவென்றால், இங்கே வருடக் கடைசி வரை இருப்போம். அதற்குள் லைசென்ஸ் வந்தால் இங்கேயே இருந்துவிடுவது, வராவிட்டால் ஜனவரியில் கீழே ஸ்டேஷன் பக்கம் இறங்கிவிடுவது. அவள் போட்ட நிபந்தனை. கையெழுத்து போடாத குறைதான்.

மகள் பள்ளியில் மொத்தம் பதினோரு பிள்ளைகள், இரண்டு வகுப்பும் சேர்ந்து. மாலை வந்ததும் "அப்பா, லா ஹாஸா" என்கிறாள். டீச்சர் காஸா என்று திருத்தினாராம், இவள் கேட்கவில்லையாம்.

சின்னமனூர்_செல்வி | ஏப்ரல் 6, இரவு 10:31

அண்ணா, கிரைண்டர்?

ஆம்பூரான் | ஏப்ரல் 6, இரவு 10:34

வந்தது. துணி லக்கேஜைக் குறைத்துக்கொண்டு அதைத் தூக்கி வந்திருக்கிறாள். பிளக் மாற்றிவிட்டேன். சனிக்கிழமை அரைக்கும் சத்தம் கேட்டுப் பக்கத்து வீட்டு அம்மா ஓடி வந்து, என்ன மெஷின் உடைந்துவிட்டது என்று கேட்டார். இப்போது அவருக்கும் வாரம் நான்கு தோசை போகிறது. சட்னி வேண்டாமாம், மேலே சர்க்கரை தூவிச் சாப்பிடுகிறார்.